ஊருக்குப் பக்கத்திலேயே: லித்துவேனியப் பயணக் குறிப்புகள்

செப்டம்பர் 19, வில்னியஸ்

வில்னியஸில் கெடிமினோ சாலைதான் பெரிய கடைவீதி. நாடாளுமன்றம், வங்கிகள், துணிக்கடைகள், வெளியே நாற்காலி போட்ட காப்பிக்கடைகள் எல்லாம் அதே சாலையில். நடந்துகொண்டே வந்தால் கனமான சாம்பல் நிறக் கட்டடம் ஒன்று வருகிறது. அதன் அடிச்சுவர்க் கற்களில் வரிசையாகப் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். போகிற போக்கில் கை படுகிற உயரம்தான். சோவியத் ரகசியப் போலீஸால் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் அவை.

கட்டடம் ரஷ்யப் பேரரசுக் காலத்தில் நீதிமன்றமாகக் கட்டப்பட்டது. 1940இல் சோவியத் படை நாட்டைப் பிடித்ததும் ரகசியப் போலீஸ் உள்ளே வந்தது. 1941இல் ஜெர்மானியர் வந்ததும் அவர்களுடைய நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ, 1944இல் மறுபடி சோவியத். ஆட்சி எத்தனை முறை மாறினாலும் கீழ்த்தளத்துச் சிறை அறைகள் அப்படியே பயன்பட்டிருக்கின்றன. இப்போது அருங்காட்சியகம்.

கீழே ஓர் அறையில் தரை முழுக்கத் தண்ணீர் நிற்கிற மாதிரி பள்ளமாக்கி, நடுவில் ஒரு சின்ன வட்டமான மேடை வைத்திருக்கிறார்கள். கைதி அதன் மேல் நிற்க வேண்டும். தூங்கி விழுந்தால் குளிர்ந்த தண்ணீரில். இங்கே குளிர்காலம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். அதைத் தாண்டி மரண தண்டனை நிறைவேற்றிய அறை. 1944க்கும் 1960களின் தொடக்கத்துக்கும் இடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். தரையைக் கண்ணாடியாக்கி, அடியில் தோண்டி எடுத்த பொருட்களைக் காட்டுகிறார்கள்.

மேல்தளத்தில் நாடு கடத்தலின் கதை. 1941 ஜூன் 14 அன்று தொடங்கி ஒரு சில நாட்களில் சுமார் 17,000 பேரைச் சரக்கு ரயிலில் ஏற்றிச் சைபீரியா பக்கம் அனுப்பினார்கள். போருக்குப் பிறகு திரும்பவும் அதே வேலை. மொத்தத்தில் சுமார் 1,30,000 பேர். காட்டுக்குள் ஒளிந்து சோவியத்தை எதிர்த்துப் போராடியவர்களில் இறந்தவர்கள் 20,000 பேர். ஒவ்வொரு குடும்பத்திலும் யாரோ ஒருவருடைய கதை இதில் இருக்கிறது, அதனால் அருங்காட்சியகத்துக்குள் பள்ளிப் பிள்ளைகளும் தாத்தா பாட்டிகளும் சேர்ந்தே சுற்றுகிறார்கள்.

2018 வரை இதன் பெயர் இனப்படுகொலைக்கு ஆளானவர்களின் அருங்காட்சியகம். இந்த நாட்டில் இரண்டாம் உலகப் போருக்கு முன் 2 லட்சத்துக்கும் மேல் யூதர்கள் இருந்தார்கள், ஜெர்மானியர் பிடித்திருந்த காலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். ஐரோப்பாவிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று இது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருந்த அருங்காட்சியகத்தில் அவர்களைப் பற்றிய பகுதி 2011இல்தான் வந்தது. கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை. சில நிமிடங்களில் பார்த்து முடித்துவிடலாம்.

ஒரு கொடுமையைச் சொல்லி இன்னொன்றின் எடையைக் குறைக்கும் எண்ணம் எனக்குக் கொஞ்சமும் கிடையாது. அந்தத் தண்ணீர் அறை முன்னால் நின்ற யாருக்கும் அது வராது. ஆனால் ஒன்று நகரத்தின் நட்டநடுவில் கல்லில் வெட்டப்பட்டு நிற்கிறது, இன்னொன்று எங்கே என்று தேடிப் போக வேண்டியிருக்கிறது. இந்தப் பயணமே அந்தத் தேடல்தான்.

செப்டம்பர் 20, வில்னியஸ்

நேரிஸ் ஆற்றைத் தாண்டினால் துஸ்குலேனாய் என்று ஒரு பழைய மாளிகையும் பூங்காவும். காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு அம்மாக்கள். நேற்றுப் பார்த்த சிறையில் 1944 முதல் 1947 வரை கொன்றவர்களை இரவோடு இரவாக இங்கே கொண்டுவந்து குழியில் போட்டார்கள். 1994இல் தோண்ட ஆரம்பித்து எழுநூறுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளை எடுத்தார்கள். இப்போது மண்மேட்டுக்கு அடியில் வட்டமான ஒரு மண்டபம் கட்டி அங்கே வைத்திருக்கிறார்கள். உள்ளே குளிர்ச்சி, சுற்றிலும் சுவரில் பேழைகள்.

இங்கே புதைக்கப்பட்டவர்களில் ஒருவராகச் சொல்லப்படுகிறவர் யோனாஸ் நொரேய்கா, ராணுவ அதிகாரி. 1946இல் சோவியத்துக்கு எதிராகச் சதி செய்ததாகக் கைதாகி 1947இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். 1990இல் வந்த சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டின் உயர்ந்த விருதுகளில் ஒன்றைக் கொடுத்தார்கள், பள்ளிக்குப் பெயர் வைத்தார்கள், இங்கே நகரத்தில் அறிவியல் அகாதெமி நூலகச் சுவரில் கல்வெட்டு வைத்தார்கள். அதே நொரேய்கா 1941 ஆகஸ்டில் ஷவுலியாய் மாவட்டத்தின் தலைவர். அந்த மாவட்டத்து யூதர்களை ஜகாரே என்ற ஊரில் கொண்டுபோய் அடைக்கவும் அவர்கள் சொத்துகளை என்ன செய்வது என்பதற்கும் அவர் கையெழுத்திட்ட உத்தரவுகள் இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஜகாரேயில் அடைத்தவர்களை 1941 அக்டோபர் 2 அன்று சுட்டார்கள். ஜெர்மானியர் எழுதி வைத்த கணக்கில் 2,236 பேர்.

இதை வெளியே கொண்டுவந்து நாட்டையே கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் அவருடைய சொந்தப் பேத்தி. தாத்தாவின் வீரக் கதையை எழுத உட்கார்ந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் அவர். 2019இல் அந்தக் கல்வெட்டை ஒருவர் சுத்தியலால் உடைத்தார், ஒட்டி மறுபடி மாட்டினார்கள், ஜூலையில் மாநகராட்சி கழற்றியது, செப்டம்பரில் ஒரு தேசியவாத இளைஞர் கூட்டம் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தியது.

ஒரே ஆள் ஒரு படுகொலைக்கு முன்னால் உத்தரவில் கையெழுத்துப் போட்டவர், இன்னொன்றில் உயிரை விட்டவர். அந்த மண்டபத்தில் இருக்கிற எல்லாரும் அப்படி இல்லை, கையில் எந்தக் கறையும் இல்லாதவர்கள் பலர் இருக்கிறார்கள். யூதர்களைக் கொன்றதில் பங்கிருந்தவர்கள் சிலரும் இருக்கிறார்கள். எல்லாருடைய எலும்பும் கலந்து கிடந்தன. அங்கே நின்று யாருக்கு அஞ்சலி செலுத்துவது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 21, கவுனாஸ்

வில்னியஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டு போர்களுக்கும் இடையில், வில்னியஸ் போலந்திடம் இருந்த காலத்தில், லித்துவேனியாவின் தலைநகராக இருந்தது இந்த ஊர்தான்.

முதலில் மிஷ்கோ தெரு. 1941 ஜூன் 22இல் ஜெர்மனி சோவியத் மீது பாய்ந்தது. 27ஆம் தேதி, பட்டப்பகலில், இந்தத் தெருப் பக்கம் இருந்த லித்துகிஸ் என்ற வண்டிப் பட்டறையின் முற்றத்தில் யூத ஆண்கள் பலரை இரும்புத் தடியால் அடித்தும் தண்ணீர்க் குழாயை வாயில் திணித்தும் கொன்றார்கள். சுற்றி நின்று கூட்டம் வேடிக்கை பார்த்தது. கொன்றவர்கள் உள்ளூர்க்காரர்கள். ஜெர்மானியச் சிப்பாய்களும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள், சிலர் படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் இருப்பதால்தான் இதை யாராலும் மறுக்க முடியவில்லை. இன்று அங்கே ஒரு நினைவுக்கல். சுற்றிலும் குடியிருப்பு, மேலே பால்கனிகளில் துணி காய்கிறது.

ஏன் செய்தார்கள் என்ற கேள்விக்கு இங்கே அடிக்கடி கிடைக்கிற பதில், யூதர்கள் சோவியத்துக்குத் துணை போனார்கள், அந்தக் கோபம் என்பது. அன்றைக்கு தேசியவாதிகள் பெர்லினிலிருந்து அச்சடித்து அனுப்பிய துண்டறிக்கைகளும் இதையேதான் சொன்னன. ஆனால் ஜூன் 14இல் சோவியத் சைபீரியாவுக்கு ஏற்றிய வண்டிகளில் யூதர்களும் ஏராளமாக இருந்தார்கள். கடை வைத்திருந்தவர்கள், யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனிஸ்டுகள், மத குருக்கள். ஒரு ரயிலில் அண்டை வீட்டுக்காரரோடு சேர்ந்து ஏற்றப்பட்ட அதே சமூகத்தை அடுத்த இரண்டே வாரத்தில் அந்த ரயிலுக்குக் காரணம் என்று சொல்லி அடித்திருக்கிறார்கள். அப்புறம் வீடு, கட்டில், கோட்டு, பசுமாடு எல்லாம் யார் கைக்குப் போயின என்ற விஷயமும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சு குறைவு.

மதியம் ஒன்பதாம் கோட்டை. ரஷ்யப் பேரரசு ஊரைச் சுற்றிக் கட்டிய கோட்டைகளில் ஒன்று. ஊரின் வடமேற்கு ஓரத்தில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில். பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே 32 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் நினைவுச்சின்னம் தெரிகிறது. 1984இல் சோவியத் காலத்தில் வைத்தது. அதன் அடியில் பெரிய புல்வெளி. அந்தப் புல்வெளிதான் குழி.

1941 அக்டோபர் 28 அன்று கவுனாஸ் கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்து வைத்த பகுதியில், இருந்த எல்லாரையும், சுமார் 26,000 பேரை, விடியற்காலையில் ஒரு மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். ஹெல்முட் ரவுக்கா என்ற கெஸ்டபோக்காரன் நின்று ஒவ்வொரு குடும்பத்தையும் கை அசைவில் வலது, இடது என்று பிரித்தான். பொழுது சாயும் வரை இது நடந்தது. ஒரு பக்கம் போனவர்களை மறுநாள் காலையில் இந்த மேட்டை ஏறிக் கோட்டைக்கு நடத்திப் போனார்கள். கெட்டோவில் மிஞ்சியவர்கள் அந்த வரிசை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று ஒரே நாளில் 9,200 பேர். ரவுக்கா போருக்குப் பின் கனடாவுக்குப் போய் நிம்மதியாக வாழ்ந்தான். 1982இல் பிடித்து 1983இல் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள், வழக்கு தொடங்கும் முன் சிறையில் செத்துப் போனான்.

இந்த 9,200 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்றால், கொன்றவர்களே எழுதி வைத்த கணக்கிலிருந்து. இந்தப் பகுதியில் கொலைப்படையை நடத்திய கார்ல் யேகர் 1941 டிசம்பர் 1 அன்று மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கை அது. அதன் நகலை நான் நெடுநேரம் பார்த்தேன். தேதி, ஊர், யூத ஆண், யூதப் பெண், யூதக் குழந்தை, மொத்தம். மளிகைக்கடைப் பேரேட்டில் இருப்பது போல ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை, அடுத்த பக்கத்தின் தலையில் அதே தொகையை எடுத்து எழுதித் தொடர்ந்திருக்கிறான். ஜூலை மாதத்து வரிகளில் பெரும்பாலும் ஆண்கள். ஆகஸ்ட் நடுவிலிருந்து குழந்தைகளின் எண் சேர்கிறது, போகப் போக அது ஆண்களின் எண்ணைத் தாண்டுகிறது. அக்டோபர் 29 வரியில் ஆண்கள் 2,007, பெண்கள் 2,920, குழந்தைகள் 4,273. கடைசிக் கூட்டுத்தொகை 1,37,346. மிகப் பெரும்பாலோர் யூதர்கள். லித்துவேனியாவில் யூதர் பிரச்சினையைத் தீர்க்கும் இலக்கு நிறைவேறிவிட்டது, வேலைக்காக வைத்திருக்கிறவர்களைத் தவிர யாரும் மிச்சமில்லை என்று எழுதி முடிக்கிறான். ஐரோப்பிய யூதர்களை அழிக்கும் திட்டத்தை நாஜி அதிகாரிகள் பெர்லினில் வான்சே கூட்டத்தில் உட்கார்ந்து பேசியது 1942 ஜனவரியில். அதற்குள் இங்கே வேலை கிட்டத்தட்ட முடிந்திருந்தது. நச்சுவாயு அறை இல்லை, தூர தேசத்து முகாம் இல்லை. துப்பாக்கி, குழி, ஊரின் ஓரம்.

இன்னொரு விஷயமும் அந்த அறிக்கையில் தெளிவாக இருக்கிறது. ஊர் ஊராகப் போன படைக்குத் தலைவன் ஹாமன் என்ற அதிகாரி. அவனோடு ஜெர்மானியர்கள் எட்டுப் பத்துப் பேர்தான். மற்ற வேலை முழுக்க லித்துவேனிய ஆயுதக் குழுக்களின் துணையோடு நடந்ததாக யேகரே எழுதுகிறான். யூதர்களை ஓரிடத்தில் சேர்ப்பது, காவல் நிற்பது, குழி வெட்ட வைப்பது, நடத்திப் போவது, சுடுவது.

கோட்டைக்குள் ஒரு சிறை அறைச் சுவரில், 1944 மே மாதம் பிரான்சிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் நாங்கள் 900 பிரெஞ்சுக்காரர்கள் என்று கீறி வைத்திருக்கிறார்கள். ஊர் பெயர், தேதியோடு. யாராவது படிப்பார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். படித்தேன்.

தப்பித்தவர்களும் உண்டு. பிணங்களைத் தோண்டி எரிக்க வைத்திருந்த கைதிகள் 64 பேர் 1943 டிசம்பர் 25 இரவு, இரும்புக் கதவில் துளை போட்டு ஒரு துண்டை அறுத்தெடுத்து வெளியேறினார்கள். காவலர்கள் கிறிஸ்துமஸ் குடியில் இருந்த இரவு. அவர்கள் தப்பியதால்தான் இங்கே என்ன நடந்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் நெமுனாஸ் ஆற்றங்கரையில் கொஞ்சம் உட்கார்ந்தேன். இந்த ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ருஸ்னே என்ற சின்ன ஊர் இருக்கிறது. காந்தியின் யூத நண்பர் ஹெர்மன் கால்லன்பாக் அங்கே வளர்ந்தவர். தென்னாப்பிரிக்காவில் அவர் 1910இல் கொடுத்த நிலத்தில்தான் டால்ஸ்டாய் பண்ணை. சத்தியாக்கிரகத்தில் சிறை போன தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே தங்கின. அவர் பிறந்தது ஜெமைச்சு நவுமியெஸ்திஸ் என்ற ஊர், 1941 ஜூலையில் அந்த ஊர் யூத ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். கால்லன்பாக் 1896லேயே கப்பலேறியிருந்தார். போகவில்லை என்றால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

செப்டம்பர் 22, வில்னியஸ் பழைய நகரம்

இன்று அதிகம் எழுதப் போவதில்லை, கால் வலி.

பழைய நகரத்துச் சந்துகளில்தான் 1941 செப்டம்பர் 6 முதல் 1943 செப்டம்பர் 23 வரை கெட்டோ இருந்தது. ருத்னின்கு தெருவில், வாசல் இருந்த இடத்தில் வரைபடத்தோடு ஒரு பலகை. அவ்வளவுதான், மற்றபடி அழகான சந்துகள், உணவகங்கள், பூத்தொட்டிகள். லித்துவேனியாவின் ஜெருசலேம் என்று பெயர் வாங்கிய ஊரின் பெரிய ஜெப ஆலயம் போரில் பாதி சிதைந்தது. மீதியை 1950களில் சோவியத் அரசு இடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் கட்டியது.

நான் தேடிப் போனது ஜெமைதியோஸ் தெருவில் இருக்கிற ஒரு கட்டடத்தை. கெட்டோ நூலகம் இருந்த இடம். ஹெர்மன் க்ரூக் என்ற நூலகர் நடத்தினார். நாள்தோறும் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சுடுகிற அந்தக் காலத்தில், 1942 டிசம்பரில், ஒரு லட்சமாவது புத்தகம் வாசகர் கைக்குப் போனதை விழாவாகக் கொண்டாடியிருக்கிறார்கள். ஒரே அறையில் பல குடும்பங்கள், ரேஷன் ரொட்டி, நாளை யார் இருப்பார்கள் என்று தெரியாது, அதில் வரிசையில் நின்று கதைப் புத்தகம் வாங்கியிருக்கிறார்கள். க்ரூக் எல்லாவற்றையும் நாட்குறிப்பாக எழுதினார். எஸ்தோனியாவில் லாகெடி முகாமில் 1944 செப்டம்பர் 17 அன்று கடைசிக் குறிப்புகளைச் சாட்சிகள் முன்னால் மண்ணில் புதைத்தார். மறுநாள் கொல்லப்பட்டார். சோவியத்தின் செம்படை நெருங்கிக்கொண்டிருந்தது.

புத்தகத்தைச் சாக்காக வைத்து உள்ளே போனவர் ஒருவரும் உண்டு. ஓனா ஷிமாய்தே, வில்னியஸ் பல்கலைக்கழக நூலகர், யூதர் இல்லை. மாணவர்கள் திருப்பித் தராத புத்தகங்களை வாங்க வேண்டும் என்று ஜெர்மானியரிடம் அனுமதிச் சீட்டு வாங்கி, உள்ளே போகும்போது சாப்பாடும் போலிச் சான்றிதழும் கொண்டுபோய், வெளியே வரும்போது கையெழுத்துப் பிரதிகளையும் சில சமயம் ஆட்களையும் கொண்டுவந்தார். 1944இல் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, ஜெர்மனியில் டாக்காவ் வதைமுகாமுக்குப் போய், உயிர் பிழைத்தார். யாரைக் காப்பாற்றினார் என்பதைச் சொல்லவே இல்லை. 2015இல்தான் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். யூதர்களைக் காப்பாற்றியவர்கள் என்று இஸ்ரேல் அங்கீகரித்த லித்துவேனியர்கள் தொள்ளாயிரம் பேருக்கு மேல். சிறிய நாட்டுக்கு இது நிறைய. ஊரே கெட்டது என்று நேற்றைய பதிவைப் படித்து யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம் என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

செப்டம்பர் 23, பனேரியாய்

லித்துவேனியாவில் இன்று யூத இனப்படுகொலை நினைவு நாள். கெட்டோவை ஒழித்துக்கட்டிய தேதி. 1994 முதல் அனுசரிக்கிறார்கள்.

பனேரியாய்க்கு ரயில். ஏறி உட்கார்ந்து ஜன்னலைத் திறக்கலாமா என்று பார்ப்பதற்குள் நிறுத்தம் வந்துவிடுகிறது, பத்து நிமிடம்கூட இல்லை. என்னோடு ஏறியவர்களில் கூடையோடு காளான் பறிக்கப் போகிறவர்கள் இருந்தார்கள், இது அதற்கான பருவம். இறங்கித் தண்டவாளத்தை ஒட்டியே ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். வலப்பக்கம் வீடுகள். ஆட்கள் குடியிருக்கிற சாதாரண வீடுகள், தோட்டத்தில் ஆப்பிள் விழுந்து கிடக்கிறது, ஒரு நாய் வேலி வரை வந்து குரைத்தது. பிறகு பைன் காடு, அதற்குள் பள்ளங்கள்.

1940இல் வந்த சோவியத் ராணுவம் எரிபொருள் தொட்டிகளைப் புதைக்க இந்த வட்டக் குழிகளைத் தோண்டியது. வேலை முடியும் முன் ஜெர்மானியர் வந்துவிட்டார்கள். தயாராக இருந்த குழி, பக்கத்தில் ரயில், சாலை. 1941 ஜூலை முதல் 1944 கோடை வரை இங்கே சுமார் 70,000 யூதர்களைச் சுட்டார்கள். போலந்துக்காரர்கள், சோவியத் போர்க்கைதிகள், இன்னும் பலரையும் சேர்த்தால் ஒரு லட்சம் வரை மதிப்பிடுகிறார்கள். சுட்டவர்களில் பெரும்பாலோர் சிறப்புப் படை என்று அழைக்கப்பட்ட லித்துவேனியத் தன்னார்வலர்கள், மேற்பார்வை ஜெர்மானியர்.

நான் வழியில் பார்த்த மாதிரியான ஒரு வீட்டில்தான் காசிமியேர்ஷ் சகோவிச் இருந்தார். போலந்துப் பத்திரிகையாளர், போரில் வேலை போய் இந்தப் பக்கம் குடி வந்தவர். 1941 ஜூலை 11 முதல் தன் வீட்டிலிருந்து பார்த்ததையெல்லாம் துண்டுத் தாள்களில் எழுதினார். அன்று எத்தனை பேரைக் கொண்டுவந்தார்கள், வெடிச்சத்தம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நின்றது, வானிலை எப்படி, செத்தவர்களின் உடைகளைச் சுட்டவர்களிடமிருந்து யார் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த உடை வியாபாரம் பக்கத்துக் கிராமத்துச் சந்தையாகவே நடந்திருக்கிறது, முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்கியவர்களும் உண்டு. எழுதிய தாள்களை எலுமிச்சைப் பானப் பாட்டில்களில் போட்டு மண்ணில் புதைத்தார். 1944 ஜூலையில் சுடப்பட்டு இறந்தார். வில்னியஸ் கெட்டோவில் இருந்து தப்பிய ரக்கேல் மார்கோலிஸ் காப்பகங்களில் அந்தத் தாள்களைத் தேடி, மங்கிய எழுத்தைப் படித்துப் படித்து 1999இல் வெளியிட்டார். இங்கே நடந்தது யாருக்கும் தெரியாது என்ற பேச்சுக்கு இதற்கு மேல் பதில் வேண்டியதில்லை. ஒரு தனி மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்தே இவ்வளவையும் எழுத முடிந்திருக்கிறது.

குழிகளில் ஒன்று மற்றவற்றிலிருந்து வேறுபட்டது, சுற்றிலும் கல் பதித்த செங்குத்தான சுவர். செம்படை நெருங்க ஆரம்பித்ததும் தடயத்தை அழிக்க வேண்டி 80 கைதிகளை இங்கே கொண்டுவந்து காலில் சங்கிலி மாட்டி இந்தக் குழிக்குள் வாழ வைத்தார்கள். பகலில் பிணங்களைத் தோண்டி, விறகோடு அடுக்கி, எரிக்க வேண்டும். அவர்களில் இசாக் டோகிம் என்பவர் தோண்டும்போது தன் மனைவியின் உடலைக் கண்டார். கல்யாணத்துக்கு அவர் போட்ட பதக்கத்தை வைத்து அடையாளம் தெரிந்தது.

இரவில் அவர்கள் கரண்டியாலும் கையாலும் சுரங்கம் தோண்டினார்கள், சுமார் 35 மீட்டர். மணல் மண், சரியாமல் இருக்க விறகிலிருந்து பலகை திருடி முட்டுக் கொடுத்தார்கள். 1944 ஏப்ரல் 15, யூதர்களின் பஸ்கா பண்டிகையின் கடைசி இரவு, நாற்பது பேர் வரை உள்ளே நுழைந்தார்கள், காவலர்களுக்குச் சத்தம் கேட்டுச் சுட ஆரம்பித்தார்கள். வேலியைத் தாண்டி காட்டுக்குள் போய்ச் சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர். போர் முடியும்போது உயிரோடு இருந்தவர்கள் பதினோரு பேர், டோகிம் அதில் ஒருவர். 2016இல் மண்ணைத் தோண்டாமல் மின்சாரம் செலுத்தி அளக்கும் முறையில் அந்தச் சுரங்கம் போன பாதையைக் கண்டுபிடித்தார்கள். குழியின் விளிம்பில் நின்று எந்தத் திசையில் போயிருக்கும் என்று பார்த்தேன். தரையில் ஒன்றும் தெரியாது, பைன் ஊசிகள்தான்.

அஞ்சலிக் கூட்டம் வந்து போயிருந்தது. மலர்வளையங்கள், சிறு கற்கள், யூதர்களின் சின்னத் தொப்பியான கிப்பா போட்ட வயதானவர்கள் சிலர், சீருடை போட்ட பள்ளிப் பிள்ளைகள். சோவியத் காலத்தில் இங்கேயும் நாடு முழுவதும் வைத்த நினைவுக்கற்களில் செத்தவர்கள் சோவியத் குடிமக்கள் என்றே எழுதினார்கள், யூதர் என்று எழுதவில்லை. 70,000 யூதர்கள் என்று கல்லில் வந்தது 1990க்குப் பிறகுதான்.

மாலையில் பழைய கெட்டோச் சந்தில் பெயர் வாசிப்பு. சில ஆண்டுகளாக இந்த நாளில் பல ஊர்களில் செய்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போய் ஒரு தாளை வாங்கி வாசிக்கலாம். பெயர், வயது, தொழில். தையல்காரர், 41. வீட்டு வேலை, 19. மாணவன், 9. ஒரு காலேஜ் பெண் வாசித்தார், அப்புறம் மூக்குக்கண்ணாடி போட்ட அரசு ஊழியர் மாதிரி ஒருவர், அப்புறம் ஒரு பாட்டி, குரல் ரொம்ப மெல்லிசு. பக்கத்து உணவகத்திலிருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் நின்று கேட்டார்கள், சிலர் போனார்கள், சிலர் வரிசையில் சேர்ந்தார்கள். கெடிமினோ சாலையில் கல்லில் இருப்பதற்கு ஈடாக இங்கே குரல்தான் இருக்கிறது, ஆனால் அதை அரசாங்கம் சொல்லி யாரும் செய்யவில்லை. எனக்கு இந்தப் பயணத்தில் நம்பிக்கை தந்தது இதுதான்.

செப்டம்பர் 24, மொலேதாய்

வில்னியஸிலிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல். ஏரிகள் நிறைந்த பகுதி, கோடையில் ஆட்கள் நீந்தவும் மீன் பிடிக்கவும் வருகிற ஊர். போருக்கு முன் ஊரில் மூன்றில் இரண்டு பங்கு யூதர்கள். 1941 ஆகஸ்ட் 29 அன்று அவர்களை, சுமார் 2,000 பேரை, ஊர்த் தெரு வழியாகவே நடத்திப் போய் ஊரின் ஓரத்தில் சுட்டார்கள். யேகர் அறிக்கையில் இது பக்கத்து ஊரான உதேனாவோடு சேர்ந்து ஒற்றை வரி.

ஊர் மையத்திலிருந்து அந்த இடத்துக்கு நடந்தே போனேன். கடை, பள்ளி, தேவாலயம், வீடுகள், வயல் தொடங்கும் இடம். வேகமாக நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. இந்த நாட்டில் இப்படிப்பட்ட இடங்கள் 200க்கும் மேல். எல்லாமே இந்த மாதிரிதான், ஊரிலிருந்து நடக்கிற தூரம். வண்டியில் ஏற்றி எங்கோ கொண்டுபோனார்கள் என்று சொல்லிவிட முடியாத தூரம்.

எழுபத்தைந்து ஆண்டு கழித்து, 2016 ஆகஸ்ட் 29 அன்று, இதே பாதையில் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தார்கள். மரியுஸ் இவாஷ்கேவிசியஸ் என்ற நாடகாசிரியர் இந்த வட்டாரத்துக்காரர். தன் ஊரில் இப்படி நடந்தது என்று வளர்ந்த பிறகே முழுக்கத் தெரிந்துகொண்டு, யூதர் இல்லாத நாமும் நடக்க வேண்டும் என்று எழுதினார். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள் என்று நினைத்த ஊர்வலத்துக்கு நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள், ஜனாதிபதியும் வந்தார். அதற்கு முன்னால் 1995இல் அன்றைய ஜனாதிபதி பிரசவுஸ்காஸ் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் நின்று மன்னிப்புக் கேட்டபோது சொந்த நாட்டில் அவரைத் திட்டியவர்களே அதிகம். இருபது ஆண்டில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது கொன்றவர்களின் பெயர்கள். படுகொலைகளில் பங்கு இருந்ததாகச் சந்தேகிக்கப்படுகிறவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பட்டியலை அரசின் ஆய்வு மையமே தயாரித்தது. அதை வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டாக இழுத்துக்கொண்டிருந்தது. பழிவாங்க அவர்களில் இன்று யாரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. சாட்சியம் இருக்கிற பெயர்களையாவது அந்தந்த ஊர்க் குழிக்குப் பக்கத்துப் பலகையில் எழுத வேண்டும் என்பது என் கருத்து. நாஜிகளும் அவர்களின் உள்ளூர் உதவியாளர்களும் என்று போடுகிறார்கள், அது உண்மைதான், ஆனால் அந்த உதவியாளருக்கும் ஒரு பெயரும் ஒரு தெருவும் இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: பனேரியாய்க்கு வில்னியஸ் ரயில் நிலையத்திலேயே சீட்டு வாங்கலாம், திரும்பும் ரயில் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இடையில் நீண்ட இடைவெளி உண்டு. தண்ணீர் கொண்டுபோங்கள், காட்டுப் பக்கம் கடை இல்லை. ஒன்பதாம் கோட்டைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். வேறு எந்தச் சின்ன ஊருக்குப் போவதாக இருந்தாலும், ஏரிக்குப் போகிறீர்களோ கோட்டைக்குப் போகிறீர்களோ, லித்துவேனியப் படுகொலை இடங்களின் வரைபடம் இணையத்தில் இருக்கிறது, ஆங்கிலத்திலும் உண்டு. ஊர் பெயரைப் போட்டால் இடமும் தேதியும் எண்ணிக்கையும் வரும். பெரும்பாலும் நீங்கள் தங்கும் விடுதியிலிருந்து நடந்தே போய்விடலாம்.